கொடுத்தவர் கடனும் கொண்டவர் கடனும்

விலையின்றி ஒருவர் நமக்கு ஒரு பொருளை வழங்குகிறார். வாங்கிக்கொண்டு வீடு வந்தபின் அப்பொருள் நம் கையில் இயங்க மறுக்கிறது. அப்போது கொடுத்தவரை நொந்துகொள்ள நமக்கு உரிமை உண்டா? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. என் தாயார் இதனை அடிக்கடி சொல்லுவார். ஆயினும் எனக்குச் சிறு வயது முதலே இப்பழமொழியில் ஓர் ஐயம் உண்டு. பல்லைப் பார்க்க வேண்டா, அது சரி. எந்தப் பக்கம் நின்று கறந்தால் அம்மாடு உதைக்காது என்பதைக் கொடுத்தவர் அல்லவா அறிவார்? அதனைச் சொல்லாமல் கயிற்றை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனால் கொடை முடிந்ததாகுமா?

எழுபது வயதைக் கடந்தபின் இந்த ஐயம் மீண்டும் என்னை வந்து பற்றிக்கொண்டது. இம்முறை அதற்குக் காரணம் மாடு அன்று, கணினி.

எங்கள் வீடு வேப்பம்பட்டில், இருப்புப் பாதைக்கு அணித்தே உள்ளது. உறவினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் புணேயிலும் வளர்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் அவர்களுள் ஒரு தாய், "நீங்கள் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் என்ன, அத்தை?" என்று கேட்டார். முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்? ஒப்புக்கொண்டேன். அன்று வர இயலாத பிள்ளைகள் பின்னர் பார்த்துக்கொள்ளும்படி பாடத்தைப் பதிவும் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. என் பேரன் புதியது வாங்கிக்கொண்டபோது விட்டுச்சென்ற மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அவன் தொலைபேசியில் ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லி, "காசு ஒன்றும் கட்ட வேண்டாம் பாட்டி, இறக்கிக்கொண்டால் போதும்" என்றான்.

கணினித் திரையில் தோன்றுவதையும் நாம் பேசுவதையும் ஒருங்கே பதிவு செய்து, வேண்டுமாயின் அந்நேரமே இணையத்தின் வழியே ஒளிபரப்பவும் உதவுகின்ற மென்பொருள் அது. ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்பது அதன் பெயர். (தமிழ்நாட்டில் இம்மூன்று எழுத்துகளைச் சொன்னால் வேறொருவர் நினைவுக்கு வருவார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், "என்ன டீச்சர், கட்சியில் சேர்ந்துவிட்டீர்களா?" என்றே கேட்டுவிட்டார்.) 2012ஆம் ஆண்டு ஹியூ பெய்லி என்பவர் இதனை முதன்முதலாக வெளியிட்டார். பின்னர் உலகின் பல மூலைகளிலுமுள்ள தன்னார்வலர்கள் கைகோத்து வளர்த்து வருகின்றனர். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உள்ளிருக்கும் நிரல் வரிகளைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்பது இதன் உரிமம். ஈவோர் முகத்தை ஏற்போர் காண்பதில்லை.

இனி, ஏற்றவளின் கதை.

நிறுவி முடித்ததும் அது முதற்கேள்வி ஒன்று கேட்டது. ஒளிபரப்பு முதன்மையா, பதிவு முதன்மையா? எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன. எதைத் தேர்ந்தாலும் மற்றொன்று பறிபோய்விடுமோ என்று அஞ்சி இருபது நிமிடம் தயங்கினேன். அது வெறும் தொடக்க ஏற்பாடு, பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதை அப்போது அறியேன். பதிவு என்று தேர்ந்தேன். உடனே திரையின் நடுவே ஒரு பெரிய கறுப்புக் கட்டம் தோன்றியது. அதற்குக் கீழே சிறு பெட்டிகள். ஒன்றில் 'சீன்ஸ்' என்றும் அடுத்ததில் 'சோர்ஸஸ்' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. முன்னது காட்சி, பின்னது மூலம். எனக்கு ஆங்கிலம் தெரியும். அச்சொற்களின் பொருளும் தெரியும். ஆனால் என்ன காட்சி, எதற்கு மூலம் என்பது தெரியவில்லை.

அந்தக் கறுப்பைப் பழுது என்று கருதினேன். மென்பொருளை நீக்கினேன், மீண்டும் நிறுவினேன், மீண்டும் கறுப்பு. மறுநாள் பேரன் சொன்னபின்தான் விளங்கிற்று. அது பழுதன்று, வெற்றுப் பலகை. எதைப் படம்பிடிக்க வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவேயில்லை. 'மூலம்' என்னும் பெட்டியின் அடியிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, முழுத்திரையா, ஒரு சாளரமா, ஒளிப்படக் கருவியா என்று நாம் தேர்ந்து சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்தவற்றின் தொகுப்பே 'காட்சி'. நாடக மேடையில் திரைச்சீலையும் நாற்காலியும் விளக்கும் கொண்டுவந்து வைப்பது போன்றது. இவ்வளவே செய்தி. சொன்னபின் குழந்தைக்கும் விளங்கும்; சொல்லாதவரை கிழவிக்கும் விளங்காது.

கூட்டல் குறியை அழுத்தி முழுத்திரையைச் சேர்த்தேன். அப்போதும் கறுப்பு! இம்முறை என் பிழை அன்று. மென்பொருளின் பிழை என்றும் சொல்ல இயலாது. சில மடிக்கணினிகளில் படம் வரையும் கருவிகள் இரண்டு இருக்கும். ஒன்று மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது, மற்றொன்று ஆற்றல் மிக்கது. திரையை ஒன்று தாங்கி நிற்க, பதிவு மென்பொருளை மற்றொன்று இயக்கினால் ஒன்றன் படம் மற்றதற்குத் தெரியாமற் போகலாம். பதிவு மென்பொருளைச் சிக்கனக் கருவியிலேயே இயங்கும்படி கணினியின் அமைப்புகளில் குறித்துவிட்டு மூடித் திறந்தால் படம் வந்துவிடும். வந்தது. திரைக்குள் திரை, அதற்குள் மற்றொரு திரை, எதிரெதிர்க் கண்ணாடிகளின் நடுவே வைத்த விளக்கைப்போல முடிவின்றி உள்ளே சென்றுகொண்டிருந்தது. பதிவு செய்யும் சாளரத்தையே அது பதிவு செய்துகொண்டிருந்ததால் நேர்ந்த தோற்றம் அது. அதனையும் ஒரு கோளாறு என்றெண்ணிக் கணினியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் உயிரெழுத்துகளைப் பற்றி நாற்பது நிமிடம் பாடம் நடத்திப் பதிவு செய்தேன். நெஞ்சு நிறைவாக இருந்தது. போட்டுப் பார்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. என் குரல் வரவேயில்லை. பேரனை அழைத்தேன்.

"மைக்குக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் ஒன்று இருக்குமே, அது சிவப்பாக இருக்கிறதா, பாட்டி?"

"ஆமாம், சிவப்பாகத்தான் இருக்கிறது."

"அப்படியென்றால் மூடி வைத்திருக்கிறீர்கள். இதுகூடத் தெரியாதா, பாட்டி?"

அவன் அன்பான பிள்ளை, விளையாட்டாகச் சொன்னான். எனக்கோ அன்று உணவு இறங்கவில்லை. முந்தைய நாள் ஏதோ தடவும்போது நானே அதனை அழுத்தியிருக்க வேண்டும். ஒலியை முடக்கினால் அடையாளம் சிவக்கும். மென்பொருள் தன் மொழியில் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அம்மொழி அறியாதவள். இருப்பினும் அன்று என் சினம் முழுவதும் முகமறியாத அந்தத் தன்னார்வலர்கள் மீதே பாய்ந்தது. "இவ்வளவு செய்தவர்கள் ஒரு வரி தமிழில் எழுதிவைக்கலாகாதா?" என்று தனியே இருந்து பேசினேன். காசு கொடாமல் வாங்கியவள் கடை வாயிலில் நின்று சண்டையிட்டதற்கு ஒப்பாகும் அது.

ஆனால் 'இதுகூடத் தெரியாதா' என்னும் அந்தச் சொல் சினத்தையும் கடந்து உள்ளே இறங்கிவிட்டது. ஏனெனில் அது என் சொல். வகுப்பறையில் நான் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

1987ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய பள்ளிக்கு ஆசிரியர் பயிற்சி மாணவியர் கற்பித்தல் பயிற்சிக்காக வந்திருந்தனர். அவர்களுக்கு நான் வழிகாட்டி ஆசிரியை. கடைசி வரிசையில் அமர்ந்து பாடத்தை உற்றுநோக்கி, குறிப்பேட்டில் நிறை குறைகளை எழுத வேண்டும். ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கலாம், செய்யுள் பாடத்திற்குத் துணைக்கருவியாக டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தாள். யாரிடமோ இரவல் வாங்கியது. அக்காலத்தில் எளிய குடும்பத்துப் பெண்ணுக்கு அது பெரிய முயற்சி. பொத்தானை அழுத்தினாள், நாடா சுழலவில்லை. மீண்டும் அழுத்தினாள். பிள்ளைகள் சிரித்தனர். அவள் கை நடுங்கியதை நான் கண்டேன். இடைநிறுத்தப் பொத்தான் அமுங்கிக் கிடந்ததையும் கண்டேன். எழுந்து சென்று ஒரு விரலால் அதனை விடுவித்திருக்கலாம். 'உற்றுநோக்குபவர் பாடத்தில் குறுக்கிடலாகாது' என்ற விதியை நினைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். குறிப்பேட்டில், 'கருவியைக் கையாளத் தெரியவில்லை. முன்தயாரிப்பு இல்லை' என்று எழுதிப் பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். பாடம் முடிந்தபின் அவளிடம் நான் சொன்னதும் இதே சொல்தான்: "இதுகூடத் தெரியாதா?"

அவள் அதன்பின் பயிற்சி முடியும்வரை எந்தத் துணைக்கருவியும் எடுத்துவரவில்லை. சுண்ணக்கட்டியோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கும் ஒரு குறை எழுதினேன் என்று நினைக்கிறேன்.

விதியின்படி நான் நடந்தது சரியே என்று இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். இப்போது எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அறிந்தவர், அறியாதவர் தடுமாறுவதைக் கண்டுகொண்டே வாளா இருப்பது எளிது. அதற்கு ஒரு விதியும் எப்போதும் கிடைத்துவிடும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவர் வகுத்த கருவிகளின் சிறப்பைப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் பாடமாகவே படித்தோம். மரக்கட்டையில் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் அளவான உருளை ஒன்று இருக்கும். குழந்தை ஓர் உருளையை மாற்றி வைத்துவிட்டால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. பிழையைக் கருவியே காட்டிவிடும், குழந்தையே திருத்திக்கொள்ளும். இதனைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவள் நான். ஆயினும் ஒரு நுட்பத்தை அன்று கவனிக்கவில்லை. உருளை பொருந்தாமல் நிற்பதைக் குழந்தை கண்டுகொள்கிறது, ஏனெனில் பொருந்துவது என்றால் என்ன என்பது குழந்தைக்கு முன்பே தெரியும். கறுப்புக் கட்டத்தின் முன் அமர்ந்தவளுக்கு அது தெரியாது. வெறுமையா, பழுதா என்று பிரித்தறிய, ஒருமுறையேனும் நிறைவைக் கண்டிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லத் தொடங்கியதால் நன்னூலை மீண்டும் புரட்டினேன். பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று உவமையால் வகுத்துக் காட்டுவார். அந்தப் பெண்ணை அன்று நான் இல்லிக்குடம் என்று முடிவு செய்திருந்தேன். அம்மடிக்கணினியின் முன் மூன்று நாள் இருந்து பார்த்ததில், பேரன் காலையில் சொன்னது மாலையில் என்னிடம் தங்கவில்லை. ஓட்டை என்னிடமும் இருக்கிறது. ஒருவர் எல்லாப் பாடத்திற்கும் ஒரே குடமாக இருப்பதில்லை போலும்.

இனி முதற்கேள்விக்கு வருகிறேன். அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என்று நம் முன்னோர் தானத்தை நான்காகக் கூறுவர். நூற்கொடையின் பெருமையைப் பேசும்போதெல்லாம் கன்னட நாட்டு அத்திமப்பே அம்மையாரை நினைப்பது வழக்கம். 10ஆம் நூற்றாண்டில் பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கிய பெருமாட்டி அவர். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் ஏட்டுச்சுவடிகள்! எண்ணிப் பார்க்கவே மலைப்பாக உள்ளது. எத்தனை படிகள் என்பதை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அவற்றை வாங்கிச் சென்ற ஊர்களில் முதல் ஏட்டைப் பிரித்துப் படித்துக் காட்டியவர் யாவர் என்பதை நாம் அறியோம்.

ஏடு படிப்பது எளிதன்று. நம் பழைய தமிழ்ச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் வடிவில் இராது. எழுதியவருக்கு அது குறையாகப் பட்டிராது. அவருக்குப் பாட்டு மனப்பாடம். புள்ளி எங்கே விழும் என்று கண்ணே சொல்லிவிடும். புதிதாக எடுப்பவர்தாம் தடுமாறுவார். கணினி மென்பொருளின் கறுப்புக் கட்டமும் புள்ளியில்லாத ஏடே.

கும்பகோணத்தில் நிகழ்ந்ததை நம் வீடுகளில் பலரும் அறிவர். எனினும் இக்கண்கொண்டு ஒருமுறை மீண்டும் பார்ப்பது நலம். 1880ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் அங்குக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். எண்ணற்ற நூல்களைக் கற்றவர். சேலம் இராமசாமி முதலியார் அவருக்குச் சீவக சிந்தாமணியைக் காட்டிப் பாடம் சொல்லக் கேட்டார். நூல் கையில் இருந்தது, புலமையும் இருந்தது. ஆயினும் நூல் திறக்கவில்லை. அதில் வரும் சமயச் சொற்கள், மரபுகள், கதைக் குறிப்புகள் அவர் வளர்ந்த சூழலில் வழங்காதவை. அப்போது அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் ஐயங்களைத் தீர்த்தனர். அவர்களுடைய வீடுகளில் சிந்தாமணியை வரன்முறையாகப் படித்துப் பொருள் கேட்கும் வழக்கம் அப்போது உயிரோடு இருந்தது. கல்லூரி ஆசிரியருக்குத் தெரியாத ஒரு சொல் அவர்கள் வீட்டுப் பெண்மக்களுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். 'இதுகூடத் தெரியாதா' என்று அவர்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

இந்நிகழ்ச்சியை நூலை மீட்டவரின் பெருமையாகவே இதுகாறும் மேடைகளில் பேசி வந்திருக்கிறேன். அவர் பெருமை குறைவுடையதன்று. இப்போது என் மனம் செல்வது மற்றொரு பக்கம். திருத்தக்க தேவர் நூலை இயற்றினார், ஏடெழுதினோர் பெருக்கினர், முதலியார் தூண்டினார், இத்தனையும் நிகழ்ந்த பின்னரும் கொடை முடியவில்லை. அறிந்த சிலர் அருகில் அமர்ந்து, பொறுமையோடு, கேட்டதற்கு விடை சொன்னபோதுதான் அது அவர் கையில் சேர்ந்தது.

அங்ஙனமாயின் கொடுத்தவர்மீது நான் கொண்ட சினம் சரிதானா? இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மென்பொருள் என்னிடமிருந்த பதிப்பில் பதிவுகளை எம்.கே.வி. என்னும் வடிவில் சேமித்தது. என் கைபேசியில் அது திறக்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தும் எம்.பி.4 வடிவிலேயே கொடுத்தால் என்ன என்று அதற்கும் வைதேன். பின்னர் ஒரு நாள் பாடத்தின் நடுவே மின்சாரம் நின்றது. பழைய மடிக்கணினியில் மின்கலம் செத்துப்போய்விட்டதால் அதுவும் அணைந்தது. அதுவரை பேசிய இருபத்தைந்து நிமிடமும் சிதையாமல் கோப்பில் இருந்தது. எம்.பி.4 வடிவில் பதிவு செய்யும்போது இடையில் அறுந்தால் கோப்பு முழுவதும் கெட்டுவிடக்கூடும், எம்.கே.வி.யில் அறுந்த இடம்வரை தங்கும். பதிவு முடிந்தபின் வடிவை மாற்றிக்கொள்ளவும் அம்மென்பொருளிலேயே வழி இருந்தது. வேப்பம்பட்டில் ஒரு கிழவியின் பாடம் மின்வெட்டில் அழிந்துவிடக்கூடாதே என்று முகமறியாத ஒருவர் முன்கூட்டியே கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கவலையைத்தான் நான் குறை என்று ஏசினேன்.

கொண்டவருக்கும் கடன் உண்டு. முதற்கடன், சொல்லியிருப்பதைப் படிப்பது. யூடியூபில் ஒரு கணக்கிற்கு முதன்முறையாக நேரலையைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று முன்பே அறிவித்திருக்கிறார்கள். நான் அதனைப் படிக்காமல், பிள்ளைகளை ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, எட்டரை மணிக்குத் தொடங்கினேன். ஒன்பது பிள்ளைகள் காத்திருந்து கலைந்தனர். இதில் நோவதற்கு என்னைத் தவிர ஆளில்லை.

இரண்டாம் கடன், குறையைச் சரியாகச் சொல்லுவது. 'ஓடவில்லை' என்று மட்டும் சொல்லுபவருக்கு எவரும் உதவ இயலாது. 'ஒன்றும் புரியவில்லை' என்னும் மாணவனைவிட 'மூன்றாம் அடி புரியவில்லை' என்பவன் பாதி வழி வந்துவிட்டவன். ஆனால் இங்கேதான் சிக்கல் இருக்கிறது. 'காட்சி', 'மூலம்' என்னும் பெயர்களின் பொருளே தெரியாதவள் எதனைக் குறித்துக் கேட்பாள்? சரியாகக் கேட்பதற்கே பாதி அறிவு வேண்டியிருக்கிறது. அம்மென்பொருள் தான் இயங்கும் ஒவ்வொரு முறையும் நடந்தவற்றை ஒரு கோப்பில் நாட்குறிப்புப்போல எழுதிவைக்கிறது. பேரன் அதனை அனுப்பச் சொன்னான். என் கணினியில் வரைகலைக் கருவிகள் இரண்டு உள்ளன என்பது அதில் எழுதியிருந்தது. அதைக் கொண்டே கறுப்புக்குக் காரணம் கண்டான். எனக்கு அந்த நாட்குறிப்பில் ஒரு வரியும் விளங்கவில்லை. நோய் என்னுடையது, குறிப்பும் என் வீட்டிலேயே இருந்தது, படிக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

ஆக, கேட்பவரின் கடன் உண்மையே ஆயினும், அறிந்தவரின் கடன் அதனினும் பெரியது என்றே துணிகிறேன். அறிந்தவர் என்று யாரைச் சொல்லுகிறேன்? மென்பொருளை ஆக்கியவர் கோடிக்கணக்கானோர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார முடியாது. அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். அன்றியும், மிகவும் கைதேர்ந்தவர் நல்ல வழிகாட்டியாக அமைவதும் அரிது. தாம் இடறிய கல் எது என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். என் பேரனுக்கு எல்லாம் தெரியும்; கறுப்புக் கட்டத்தைக் கண்டு தான் எப்போது அஞ்சினான் என்பது மட்டும் அவனுக்கு நினைவில்லை. நேற்றுக் கற்றவர்தாம் இன்று கற்பவருக்குப் பொருத்தமான ஆசிரியர். இடறிய கால் இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்.

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் பொதுமுடக்கம் வந்தபோது இதனைக் கண்கூடாகக் கண்டோம். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் தமிழ்நாட்டில் ஒரு வழி ஆயத்தமாக இருந்தது. எனினும் தனியாகப் பாடம் நடத்தவேண்டியிருந்த ஆசிரியர்கள் ஓரிரவில் படப்பிடிப்பாளர்களாகவும் ஒலிப்பதிவாளர்களாகவும் மாற வேண்டியிருந்தது. புணேயில் ஒரு வேதியியல் ஆசிரியை, கைபேசியை நிறுத்தத் தாங்கி இல்லாமையால், துணி மாட்டும் கொக்கியில் அதனைக் கட்டி மேலிருந்து தொங்கவிட்டுக் கரும்பலகையைப் படம்பிடித்தார். அந்த ஒளிப்படம் இந்தியா முழுவதும் பரவிற்று. பார்த்தவர்கள் அவர் ஊக்கத்தை வியந்தனர். எனக்கு இப்போது வியப்பளிப்பது, அப்படத்தைக் கண்டு எத்தனையோ பேர் தங்கள் வீட்டிலும் அவ்வாறே கட்டிப் பார்த்திருப்பார்கள் என்பதே. ஒரு வரி விளக்கமும் இன்றி அது பாடமாயிற்று.

இவ்வெண்ணம் வந்தபின் நானும் ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். தமிழில், பெரிய எழுத்தில். 'முதலில் கறுப்பாகத் தோன்றும், அது பழுதன்று. மூலம் என்னும் பெட்டியில் கூட்டல் குறியை அழுத்துக. அப்போதும் கறுப்பாயின் வரைகலை அமைப்பைப் பார்க்க. திரைக்குள் திரை தோன்றினால் அஞ்ச வேண்டா, சாளரத்தைச் சிறிதாக்கிவிடுக. ஒலிபெருக்கிப் படம் சிவந்திருந்தால் உங்கள் குரல் பதிவாகாது. நாற்பது நிமிடம் பேசுவதற்கு முன் நாற்பது நொடி பேசிப் போட்டுப் பாருங்கள்.' இவ்வாறு பதினான்கு குறிப்புகள். மின்சார ரயில் கடக்கும் நேரங்களையும் ஓரத்தில் குறித்துவைத்தேன். அது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது. பேரன் படித்துப் பார்த்து ஒரு பிழை திருத்தினான்.

அந்தப் பயிற்சி மாணவி இப்போது எங்கிருக்கிறாளோ. ஆசிரியையாகி ஓய்வு பெறும் வயதை எட்டியிருப்பாள். பெயர் நினைவிருக்கிறது, இங்கே எழுதுவது முறையன்று. அவளுடைய மதிப்பெண்ணை மாற்ற இனி எந்தக் குறிப்பேடும் என்னிடம் இல்லை.

சென்ற மாதம், எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மையார், என்னைவிட நான்கு வயது மூத்தவர், தாமும் பேத்திகளுக்குக் கோலம் போடுவதைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று வந்தார். பெருமையோடு என் தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு முதற்குறிப்பை இருமுறை படித்தார். பின்னர் மடிக்கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கூட்டல் குறியை அழுத்துக என்று எழுதியிருக்கிறாயே அம்மா, எதனால் அழுத்துவது? கையால் கண்ணாடியைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லையே?"

சுட்டியைப் பற்றி நான் எழுதவேயில்லை. தாளைத் திருப்பி வாங்கி, முதற்குறிப்புக்கு மேலே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பின்பக்கத்தைத் திருப்பிச் சுழி என்று எண்ணிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.